காத்திருக்கத் தெரிந்த கச்சேரி

பங்குனி பிறந்துவிட்டால் விருதுநகர், சாத்தூர், சிவகாசி, அருப்புக்கோட்டை வட்டாரத்தில் வெறுஞ்சுவரைப் பார்ப்பது அரிது. மாரியம்மன் கோயில் கொடியேற்றம் தொட்டுத் தேரோட்டம் வரைக்கும் எந்த நாள் யார் மண்டகப்படி, அன்று ராத்திரி என்ன நிகழ்ச்சி என்று நோட்டீஸ் ஒட்டியிருப்பார்கள். எண்பதுகளின் நோட்டீஸில் "இரவு 10 மணிக்கு மாபெரும் இன்னிசைக் கச்சேரி" என்று இருக்கும். இன்று அதே இடத்தில் தொங்கும் ஃபிளெக்ஸில் "மாலை 6 மணிக்கு" என்று போட்டிருக்கிறார்கள். நேரத்தோடு சேர்ந்து மேடையில் உட்காரும் ஆட்கள், அவர்கள் கையிலிருக்கும் வாத்தியம், எதிரே கூடும் சனம் எல்லாமே மாறிவிட்டன. இரண்டு காலத்திலும் அந்த மேடையில் உட்கார்ந்து வாசித்தவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

நான் தபேலாக்காரன். பாட்டுக்குத் தக்கபடி டோலக்கும் எடுப்பேன். எண்பதுகளின் தொடக்கத்தில் ஊர் மெல்லிசைக் குழுவில் சேர்ந்தபோது எங்களில் யாருக்கும் இசை முழுநேரப் பிழைப்பு இல்லை. ஆர்மோனியம் வாசித்த மாஸ்டர் ஆரம்பப் பள்ளி ஆசிரியர். லீட் கிட்டார் வாசித்தவர் அச்சாபீஸில் கம்போசிங் வேலை பார்த்தார். கிட்டார் அவருக்கு வந்தது சர்ச் பாடகர் குழுவிலிருந்து. புல்லாங்குழல்காரர் தீப்பெட்டி ஆபீஸ் கணக்கர். டிரம்ஸ் வாசித்த அண்ணன் சொந்தமாக சலூன் வைத்திருந்தார். எங்கள் ஒத்திகை நடந்ததும் கடை அடைத்தபின் அந்த சலூனில்தான். அக்கார்டியன், வயலின், பேஸ் கிட்டார், தும்பா, பாங்கோஸ், சைடு ரிதம் என்று எல்லாம் சேர்ந்தால் பாடுகிறவர்களையும் கூட்டி ஒரு மெட்டாடர் வேன் நிரம்பிவிடும். தும்பாவும் டிரம்ஸும் வேன் தலையில் போகும்.

எல்லோரும் வேறு வேறு தெருக்காரர்கள். அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்து ஊர்களில் அந்தத் தெருக்கள் ஒன்றோடொன்று சேர்ந்து உட்கார்ந்த இடம் மிகக் குறைவு. கச்சேரி மேடையில் விரித்த ஒற்றை ஜமுக்காளம் அதில் ஒன்று. எதிரே உட்காரும் கூட்டத்தில் தெருவுக்குத் தெரு இடைவெளி விட்டிருக்கும். மேடையில் அது கிடையாது. சில ஊர்களில் குழுவிலிருந்த எல்லோருக்கும் ஒரே பந்தியில் இலை போட மாட்டார்கள். அப்படியான ஊரில் மாஸ்டர் சண்டை போடமாட்டார். "எங்களுக்குப் பசியில்ல மொதலாளி" என்று சொல்லிவிட்டு, எல்லோரையும் டீக்கடைக்குக் கூட்டிப்போய் டீயும் பன்னும் வாங்கிக்கொடுத்து மேடை ஏற்றுவார். விடிய விடிய அந்தப் பன்னின் பலத்தில் வாசித்திருக்கிறோம். அவர் பேசாமல் எடுத்த அந்த நிலையை நான் இன்றும் பெரிதாக மதிக்கிறேன்.

மேடை என்பது தார் டிரம்களை நிறுத்தி மேலே பலகை அடுக்கி, மூன்று பக்கமும் படுதா இழுத்துக் கட்டியது. எதிரே பொட்டல். பெண்கள் சாயங்காலமே சாக்கும் பாயும் கொண்டுவந்து விரித்து இடம் பிடித்துவிடுவார்கள். ஓரத்தில் பருத்திப்பால் வண்டி, சர்பத் கடை, சாத்தூர் காராச்சேவு, ஜவ்வுமிட்டாய். நோட்டீஸில் பத்து மணி என்று போட்டிருந்தாலும் பெரும்பாலும் சாமி வீதியுலா முடிந்து கோயிலுக்குத் திரும்பாமல் மேடையில் ஒரு தட்டு விழாது. பதினோரு மணிக்குச் சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார் பாட்டு, அடுத்தது எல்.ஆர்.ஈஸ்வரியின் அம்மன் பாட்டு; அதற்கப்புறம்தான் டி.எம்.எஸ்., சுசீலா, எஸ்.பி.பி., ஜானகி. நாலு மணிக்கு முன்னால் முடித்தால் ஊர்க்காரர்கள் விடமாட்டார்கள். "என்னய்யா, அரைக் கச்சேரியோட எந்திரிச்சிட்டீக?" என்று கேட்பார்கள்.

அப்படிக் கேட்க அவர்களுக்கு உரிமை இருந்தது. கச்சேரிக்கான பணம் தலைக்கட்டு வரியிலிருந்து வந்தது. தீப்பெட்டி ஒட்டியவர், பட்டாசுக்குத் திரி உருட்டியவர், கரிசல் காட்டில் பருத்தி எடுத்தவர் என்று ஒவ்வொரு குடும்பமும் கொடுத்த காசு அது. அதனால் அவர்கள் தங்களைக் கச்சேரியை நடத்துகிறவர்களாகவே நினைத்தார்கள். துண்டுச் சீட்டில் பாட்டு எழுதி அனுப்புவார்கள். சில சீட்டுகளோடு ரூபாய் நோட்டும் குத்தியிருக்கும். சீட்டு எழுதத் தெரியாத பாட்டி மேடையோரம் வந்து படுதாவை இழுத்து, "ஏ தம்பி, அந்தத் தாலாட்டுப் பாட்ட இன்னொருக்க பாடச் சொல்லுய்யா" என்பாள். மாஸ்டர் தலையசைத்தால் அது நடக்கும்.

பாட்டுகளை நாங்கள் கற்ற விதம் இன்றைய பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவை எங்கள் பக்கத்தில் தெளிவாகக் கேட்கும். புதுப்படப் பாட்டு எந்த நிகழ்ச்சியில் வரும் என்று தெரிந்துவைத்து, ஆளுக்கொரு வேலை எடுத்துக்கொண்டு ரேடியோ முன்னால் உட்காருவோம். ஒருவர் வரிகளை எழுதுவார். ஒருவர் இடையிசையை ஸ்வரமாகக் குறிப்பார். நான் தாளத்தையும் நடை மாறும் இடத்தையும் மனசில் வாங்குவேன். ஒருமுறை கேட்டதில் விட்டுப்போனது அடுத்த ஒலிபரப்பில்தான் கிடைக்கும். டேப் ரெக்கார்டர் வந்தபின் கேசட்டை முன்னும் பின்னும் ஓட்டி எடுத்தோம்.

எங்களுக்கு முன்னோடிகள் இருந்தார்கள். பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராஜன் தம்பிகளோடு ஊர் ஊராகப் பாடியவர். 1958-ல் தேவிகுளம் இடைத்தேர்தலில் கம்யூனிஸ்ட் மேடைகளில் அவர் பாட்டு ஒலித்தது. அந்தக் குழுவில் ஆர்மோனியம் வாசித்துச் சுமார் பத்து வருடம் திருவிழா மேடையும் கட்சி மேடையும் கண்ட தம்பிதான் 1976-ல் 'அன்னக்கிளி' மூலம் திரைக்கு வந்த இளையராஜா. அதற்கு முன்னால் எஸ்.பி.பாலசுப்ரமணியம் நடத்திய மெல்லிசைக் குழுவிலும் அவரும் கங்கை அமரனும் வாசித்திருக்கிறார்கள். பொட்டல்வெளி மேடையில் உட்காருகிற எந்தப் பையனும் தன்னைச் சின்னவனாக நினைக்க வேண்டியதில்லை என்று மாஸ்டர் இந்தக் கதையைச் சொல்லுவார்.

ஆனால் அந்த வரலாறே எங்களுக்குப் பெரிய பாரமாகவும் இருந்தது. 1964-ல் வந்த 'புதிய பறவை'க்கு விஸ்வநாதன்–ராமமூர்த்தி பெரும் வாத்தியக் கூட்டத்தை வைத்துப் பாட்டுப் போட்டார்கள். அதை நாங்கள் ஒரு வயலினையும் ஒரு அக்கார்டியனையும் வைத்து வாசித்தாக வேண்டும். இளையராஜா வந்தபின் பேஸ் கிட்டார் தனியாக ஒரு பாட்டுப் பாட ஆரம்பித்தது. வயலின்கள் அடுக்கடுக்காக வந்தன. ஊரில் எங்களுக்குக் கிடைக்கக்கூடிய உச்சபட்சப் பாராட்டு ஒன்றே ஒன்றுதான்: "அப்பிடியே ரெக்கார்டு கேட்ட மாதிரி இருந்துச்சுப்பா." அந்தச் சொல்லுக்காக ராத்திரி ராத்திரியாக உழைத்தோம். அச்சு அசலாக, ஒரு இம்மி பிசகாமல் வாசிக்கும் நாள் வந்துவிட்டால் பிறவிப் பயன் கிடைத்துவிடும் என்று நம்பினோம்.

கோடை அதற்கு விடாது. பங்குனி, சித்திரை வெயிலில் காய்ந்த தபேலாவின் தோல் இறுகிச் சுருதி ஏறி நிற்கும். நடுச்சாமத்துக்கு மேல் காற்றில் ஈரம் கூடும்போது தோல் தொய்ந்து சுருதி இறங்கும். கிட்டார் கம்பி நேர் எதிர்: சூட்டில் நீண்டு சுருதி இறங்கும், குளிர்ந்தால் ஏறும். புல்லாங்குழலோ காற்றுச் சூடானால் ஏறும், ஏனென்றால் ஒவ்வொரு டிகிரிக்கும் ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 0.6 மீட்டர் கூடுகிறது. ஆர்மோனியம் மட்டும் அநேகமாக நின்ற இடத்தில் நிற்கும். ஆக, சாயங்காலம் ஒன்றாகச் சேர்த்துவைத்த வாத்தியங்கள் விடியும்வரை ஆளுக்கொரு திசையில் நகர்ந்துகொண்டே இருக்கும். பாட்டுக்குப் பாட்டு நான் சுத்தியலை எடுத்துத் தட்டிச் சேர்க்க வேண்டும். சேர்ப்பதற்கு ஒருவரையொருவர் கேட்டாக வேண்டும். பல ஆண்டு இப்படி வாசித்ததில் எங்களுக்குப் படிந்த முதல் பழக்கம் வாசிப்பைவிடக் கேட்பதுதான்.

ராத்திரிக் கச்சேரிக்கு இயற்கை செய்த ஒத்தாசை ஒன்றும் உண்டு. இரவில் தரை சீக்கிரம் குளிரும். தரையை ஒட்டிய காற்று குளிர்ந்தும் மேலே உள்ள காற்று சற்றுச் சூடாகவும் இருக்கும்போது, மேல்நோக்கிப் போகிற ஒலி வளைந்து கீழே திரும்புகிறது. அதனால்தான் பின்னிரவில் எங்கள் பாட்டு கரிசல்காட்டைக் கடந்து அடுத்த ஊர் வரைக்கும் போனது. அங்கே வாசலில் கட்டில் போட்டுப் படுத்திருந்தவர்கள் மறுநாள் சந்தையில் எங்களைப் பார்த்து, எந்தப் பாட்டு நன்றாக இருந்தது என்று சொல்லுவார்கள்.

இனி, அந்த மேடையில் நான் கற்ற முக்கியமான பாடத்துக்கு வருகிறேன். அம்மன் பாட்டு போகும்போது கூட்டத்தில் யாருக்காவது சாமி வந்துவிடும். பெரும்பாலும் அது டோலக் அடியைப் பிடித்துக்கொண்டுதான் வரும். தலைமுடி அவிழ்ந்து ஒரு அம்மா எழுந்து ஆட ஆரம்பித்தால், பாடுகிறவர் எங்கே இருக்கிறார் என்பதை மறந்துவிட்டு நான் அந்த அம்மாவின் காலைப் பார்க்க வேண்டும். அடியைச் சட்டென்று நிறுத்தக்கூடாது. நிறுத்தினால் அந்த உடம்பு நிலைகுலைந்து விழும். வேகத்தையும் ஏற்றக்கூடாது. அவர்கள் ஆட்டத்தோடு போய், பூசாரி திருநீறு பூசி, சாமி மலையேறும் வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிக் கொண்டுவர வேண்டும். அதுவரை பாடகர் பல்லவியையே திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டிருப்பார்; ஆர்மோனியம் ஒரே சுருதியைப் பிடித்து நிற்கும். மூன்று நிமிஷப் பாட்டு பத்து நிமிஷம் ஆகும். ஒருவரும் ஒருவருக்கும் எதுவும் சொல்ல மாட்டோம்.

சாமி புறப்பாடு தாமதமாகிக் கச்சேரி நடுவே சப்பரம் பொட்டலைக் கடக்கும் நாட்களும் உண்டு. தீவட்டி வெளிச்சம் தெருமுனையில் தெரிந்ததும் மாஸ்டர் ஒரு கையைத் தூக்குவார். பாட்டு எந்த வரியில் இருந்தாலும் அங்கேயே இறங்கும். மேளக்காரர்கள் என்ன நடையில் வருகிறார்களோ அந்த நடையை நானும் தும்பாவும் மெதுவாகப் பிடித்துக்கொள்வோம். நாகஸ்வரம் எங்களைத் தாண்டிப் போகும்வரை அவர்கள் முன்னால், நாங்கள் பின்னால். சப்பரம் போனதும் விட்ட சரணத்தை விட்ட இடத்திலிருந்து எடுப்போம். கூட்டம் கைதட்டும். கரண்டு போனாலும் இதே கதைதான். மைக் செத்துவிடும், கிட்டார் ஊமையாகும். டோலக்கும் வெறுங்குரலும் மட்டும் மிஞ்சும். முன்வரிசைப் பெண்கள் கைதட்டிக் குலவையிட்டுப் பாட்டைக் கீழே விடாமல் பிடித்துக்கொள்வார்கள்.

இதெல்லாம் அப்போது எங்களுக்குக் குறையாகத்தான் தோன்றியது. ரெக்கார்டு மாதிரி வாசிக்கவிடாமல் ஊர் நம்மைத் தடுக்கிறது என்று ஒத்திகையில் பேசிக்கொள்வோம்.

மாற்றம் ஒரே நாளில் வரவில்லை. 1992-ல் 'ரோஜா' வந்தபோது ஏ.ஆர்.ரஹ்மான் பாட்டுகளில் கேட்ட சத்தங்கள் எங்கள் வாத்தியம் எதிலும் இல்லை. அவற்றுக்கு கீபோர்டு வேண்டியிருந்தது. கீபோர்டு வந்ததும் அக்கார்டியனும் வயலினும் வேனில் ஏறுவது குறைந்தது. ரோலண்ட் கம்பெனி 1985-லேயே ஆக்டபேட் என்ற மின்னணுத் தாளக் கருவியைக் கொண்டுவந்திருந்தது. அதுவும் அதன் வழிவந்த ரிதம் பேடுகளும் மெல்ல மெல்ல எங்கள் பக்கத்துக் குழுக்களுக்கு வந்து சேர்ந்தன. குச்சியால் தட்டினால் தபேலாவும் தும்பாவும் டிரம்ஸும் அதிலிருந்தே வந்தன. ஐந்து பேர் செய்த வேலையை ஒருவர் செய்தார். தோலுக்கு வெயில் இல்லை, ஈரம் இல்லை, சுத்தியல் வேண்டாம். கமிட்டிக்காரர்களுக்குச் செலவும் குறைந்தது. சலூன் அண்ணன் கச்சேரிக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். தும்பா வாசித்தவர் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போனார்.

அடுத்து நேரம் மாறியது. ஒலி மாசு விதிகள் 2000-ல் வந்தன. 2005 ஜூலையில் உச்ச நீதிமன்றம் இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது என்பதை உறுதியாகச் சொன்னது. பண்பாட்டு, சமய விழாக்களுக்காக ஆண்டுக்கு 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு வரை மாநில அரசு தளர்வு தரலாம். குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்று அளவும் உண்டு. கூம்பு வடிவக் குழாய் ஒலிபெருக்கிகளையும் போலீஸார் கழற்றச் சொன்னார்கள். விடிய விடியக் கச்சேரி அத்தோடு முடிந்தது. எங்களில் பலர் அன்று கோபப்பட்டார்கள். ஆனால் அந்த வழக்கின் பின்னால் இருந்த சம்பவம் கொடியது: ஒலிபெருக்கி இரைச்சலில் ஒரு சிறுமியின் அலறல் அக்கம்பக்கத்தாருக்குக் கேட்காமல் போனது. பங்குனி என்பது பிளஸ் டூ, பத்தாம் வகுப்புப் பரீட்சைக் காலமும்கூட. பச்சைக் குழந்தையும் நோயாளியும் தூங்க வேண்டும். பத்து மணிக்கு நிறுத்து என்பது சரியான சட்டம். அதற்கு நான் முழு மனதோடு கட்டுப்படுகிறேன்.

இன்றைய கச்சேரியில் எனக்கு உண்மையாகவே மகிழ்ச்சி தருகிறவை பல. அன்று எங்களோடு பாட வந்த அக்கா எங்கே போனாலும் கூடவே அவர் அம்மாவும் வரவேண்டியிருந்தது; அப்படி வந்தும் ஊர்வாயிலிருந்து அவர் தப்பவில்லை. இன்று எங்கள் வட்டாரத்துப் பெண்கள் பாடுகிறார்கள், கீபோர்டு வாசிக்கிறார்கள். கச்சேரி முடிந்து பத்தரைக்கு வீட்டில் இருக்கிறார்கள். சம்பளம் மேடையை விட்டு இறங்கும் முன்பே போனில் வந்துவிடுகிறது. அன்று கமிட்டித் தலைவர் வீட்டுத் திண்ணையில் விடிந்தபின்னும் காத்துக்கிடந்தவன் நான். ஒலி அமைப்பும் எங்கேயோ உயர்ந்துவிட்டது. மூச்சுக்காற்றுக்கூடத் தெளிவாகக் கேட்கிறது. பாடகர் தன் குரலைத் தானே கேட்கக் காதுக்குள் கருவி இருக்கிறது. 2018-ல் செந்தில் கணேஷ் தொலைக்காட்சிப் போட்டியில் பட்டம் வென்றபிறகு நாட்டுப்புறப் பாட்டைக் கமிட்டிக்காரர்கள் தேடிக் கேட்கிறார்கள். அதனால் உடுக்கையும் உறுமியும் பறையும் மெல்லிசை மேடைக்கே வந்திருக்கின்றன. ஒருகாலத்தில் கீழே தரையில் நிறுத்திவைக்கப்பட்ட அந்தக் கலைஞர்கள் இன்று மேடை நடுவில் நிற்கிறார்கள். இது நடக்க வேண்டியது. இன்னும் முன்னாலேயே நடந்திருக்க வேண்டியது.

கஷ்டமும் வந்தது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது நேராகப் பங்குனித் திருவிழாக் காலத்தில். அந்த வருடம் மதுரை மீனாட்சி திருக்கல்யாணத்தையே மக்கள் திரையில்தான் பார்த்தார்கள். அடுத்த வருடமும் பல திருவிழாக்கள் நடக்கவில்லை. பங்குனியிலிருந்து ஆடி வரை சம்பாதித்து மற்ற மாதங்களை ஓட்டுகிற உள்ளூர்க் குழுக்களுக்கு இரண்டு கோடை போனது என்றால் இரண்டு வருடம் போனது என்று பொருள். வாத்தியங்கள் அடகுக்குப் போயின. சிலர் காய்கறி வண்டி தள்ளினார்கள். 2020 செப்டம்பரில் எஸ்.பி.பி. மறைந்தபோது, அவர் பாட்டுகளைப் பாடியே பிள்ளைகளைப் படிக்கவைத்த எங்கள் பாடகர் மூன்று நாள் யாரோடும் பேசவில்லை.

2022-ல் திருவிழாக்கள் திரும்பின. கச்சேரியும் திரும்பியது, ஆனால் பல மேடைகளில் வாத்தியம் திரும்பவில்லை. ஒரு லேப்டாப், அதில் பாடகர் குரல் மட்டும் நீக்கிய ட்ராக், இரண்டு மூன்று பாடகர்கள், பின்னால் எல்.இ.டி. திரை. கடன்பட்டுக் கிடந்த குழுத்தலைவர்களுக்கு வேறு வழி தெரியவில்லை. அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். ஒரு டெம்போ வேனுக்கு ஆகும் வாடகையில் முழுக் கச்சேரியும் முடிந்துவிடுகிறது.

இப்போது அந்த மேடையிலிருந்து வருவது அச்சு அசல். வயலின்கள் அத்தனையும் இருக்கின்றன. பேஸ் கிட்டார் இம்மி பிசகவில்லை. கோடை வெயிலால் அதன் சுருதியைத் தொட முடியாது. நாங்கள் சலூனில் உட்கார்ந்து ராத்திரி ராத்திரியாக வேண்டிக்கொண்டது ஒரு எழுத்து விடாமல் நிறைவேறிவிட்டது. நிறைவேறிய அன்று எங்களில் ஒருவருக்கும் மேடையில் வேலையில்லை.

சில வருடங்களுக்கு முன் ஒரு சித்திரைப் பொங்கலில் அப்படி ஒரு கச்சேரிக்குப் பெயரளவுக்கு டோலக் வாசிக்க அழைத்திருந்தார்கள். ஆறு மணிக்கு வெளிச்சம் இன்னும் இருந்தது, தரை கொதித்துக்கொண்டிருந்தது. நாற்காலிகள் வரிசையாக இருந்தன, பாதி காலி. தரை சூடாக இருக்கும் நேரத்தில் ஒலி மேல்நோக்கி வளைந்து போய்விடும் என்பதால் அத்தனை பெரிய ஸ்பீக்கர் வைத்தும் சத்தம் தூரத்துக்கு எட்டவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் மட்டும் காதைப் பொத்தினார்கள். ஏழரை மணிக்குச் சப்பரம் வந்தது. மேளம் ஒரு நடையில், ட்ராக் ஒரு நடையில். இரண்டும் மோதிக்கொண்டன. பாடிக்கொண்டிருந்த பெண் திரும்பி லேப்டாப்பைப் பார்த்தாள். அதை இயக்கிய தம்பி நல்ல பையன், தொழில் தெரிந்தவன். என்னிடம் வருத்தத்தோடு சொன்னான்:

"அண்ணே, நிறுத்தலாம்ணே. நிறுத்துனா மறுபடி மொதல்ல இருந்துதான் போடணும். சாமி போற வரைக்கும் சும்மா தாளத்த மட்டும் ஓட்டுன்னா இதுல முடியாதுண்ணே."

ட்ராக்கை நிறுத்தினான். நான் டோலக்கை மடியில் போட்டு மேளத்தின் நடையைப் பிடித்தேன். தவில்காரர் நடந்துகொண்டே மேடையை ஏறிட்டுப் பார்த்தார். அடுத்த ஆவர்த்தத்தில் எனக்கு இடம் விட்டு வாசித்தார். நான் பதில் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் நாற்காலிகளில் இருந்தவர்கள் எழுந்து மேடைப்பக்கம் வந்துவிட்டார்கள். பாடிக்கொண்டிருந்த பெண் மைக்கைப் பிடித்து, ட்ராக் இல்லாமலே ஒரு அம்மன் பாட்டு எடுத்தாள். அது என்ன சுருதி என்று யாரும் தீர்மானிக்கவில்லை. நாகஸ்வரக்காரர் அவளுக்கு ஒத்துப்போனார். கூட்டத்திலிருந்து குலவை வந்தது. லேப்டாப் தம்பி கைதட்டித் தாளம் போட்டுக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அந்தச் சாயங்காலம் முழுக்க நான் பார்க்கவில்லை.

அன்று எனக்குத் தெளிவானது இது. வாத்தியக்காரர்களை வைத்து நடக்கும் கச்சேரியால் காத்திருக்க முடியும். சாமிக்காகக் காத்திருக்கும், சாமி வந்த அம்மாவுக்காகக் காத்திருக்கும், போன கரண்டுக்காகவும் படுதாவை இழுத்த பாட்டிக்காகவும் காத்திருக்கும். ரெக்கார்டு யாருக்காகவும் காத்திருக்காது. அதன் வேலை அதுவல்ல. ரெக்கார்டு எந்த ஊரில் ஒலித்தாலும் ஒன்றுபோல இருப்பது அதன் பெருமை. ஊர்க் கச்சேரி அன்றைய ராத்திரிக்கும் அங்கே கூடிய சனத்துக்கும் மட்டுமே பொருந்தி இருப்பது அதன் பெருமை. எங்களுக்கு இடையூறு என்று நாங்கள் எண்ணியவைதான் எங்கள் கலையாக இருந்திருக்கின்றன. பாட்டைப் பத்து நிமிஷமாக நீட்டிய அந்த ராத்திரிகளில் ஊரும் எங்களோடு சேர்ந்து வாசித்திருக்கிறது.

பழைய காலம் அப்படியே திரும்ப வேண்டும் என்று நான் கேட்கவில்லை. விடிய விடிய ஒலிபெருக்கி வேண்டாம். தனிப்பந்தி வேண்டாம். அம்மா துணையில்லாமல் பாட வரமுடியாத காலம் வேண்டவே வேண்டாம். லேப்டாப்பும் இருக்கட்டும், இருபது வயலின் கேட்கிற இடத்தில் அது ஒத்தாசைதான்.

விழாக் கமிட்டியில் இருக்கும் அண்ணன் தம்பிமாரிடம் நான் கேட்பது வேறு. அடுத்த பங்குனிக்குக் குழுவைப் பேசும்போது எல்.இ.டி. திரை எத்தனை அடி என்று கேட்பதற்கு முன்னால், மேடையில் வாசிக்கிறவர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். தலைக்கட்டு வரியில் ஒரு பங்கை இரண்டு வாத்தியக்காரர்களுக்கு என்று ஒதுக்குங்கள். அந்த இரண்டு பேரும் உங்கள் தெருவிலேயே இருப்பார்கள். வெயில் தாழ்ந்து ஏழரைக்குத் தொடங்கினால்கூடப் பத்துக்குள் முடித்துவிடலாம். சனமும் வேலை முடிந்து வந்துசேரும். சப்பரம் வரும் நேரத்தைக் குழுவிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். கடைசி அரை மணி நேரத்துக்கு லேப்டாப்பை மூடச் சொல்லுங்கள். கோயில் மேளத்தையும் பறைக்காரர்களையும் மேடைக்குக் கூப்பிட்டு, பாடுகிறவரோடு சேர்ந்து வாசிக்கவிடுங்கள். இதற்கு எந்தச் சட்டமும் குறுக்கே நிற்காது, பெரிய செலவும் கிடையாது.

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மூன்று பேர் இப்போது என்னிடம் டோலக் பழகுகிறார்கள். அதில் ஒருத்தி லேப்டாப்பில் ட்ராக் செய்யவும் தெரிந்தவள். பாட்டுக்கு அடி வைக்கப் போனைப் பார்த்தே அவர்களால் கற்றுக்கொள்ள முடியும்; கற்றுக்கொண்டும் விட்டார்கள். நான் சொல்லிக்கொடுப்பது பாட்டு நடுவில் நிறுத்தாமல் நிற்பது எப்படி, எதிரே ஆடுகிறவரின் காலைப் பார்த்து வேகத்தை இறக்குவது எப்படி என்பதைத்தான். அதற்கு அவர்கள் ஒரு உண்மையான திருவிழா மேடையில் உட்கார வேண்டும். அந்த மேடையைக் கொடுக்க வேண்டியது ஊர்.